ஒன்பது சென்டிமீட்டர் காற்று

மார்ச் 3

என் செல்லச் சில்வண்டுக்கு,

உன் எஃகு மாமா எழுதிக்கொள்வது. நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். நீயும் அங்கே எலும்பு முறியாமல், மனசும் முறியாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கும் நம் சீட் கவர் கடைக்கு ஒரு லாரி வந்தது. அதன் சீட் நூறு கிலோ இருக்கும். மேலேயிருந்து சரிந்ததை ஒற்றைக் கையில் தாங்கிவிட்டேன்! இதோடு என் வாழ்நாளில் முப்பத்தொரு முறிவு. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். முதலாளிக்குக் கண் கலங்கிப் போச்சு. "நீங்க ஓய்வெடுங்க, கடை எங்கேயும் ஓடிப் போகாது" என்றார்.

போனை விட்டுவிட்டது நல்லதுதான். கடிதம்தான் கௌரவம். நேற்றுகூட மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது உன்னைப் பற்றித்தான்

(மேலே நீளமாகக் கோடு இழுத்திருப்பது பேனாவின் கோளாறு.)

உன் எஃகு மாமா

*

மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

பேனா நல்ல பேனாதான். எழுதிட்டிருக்கும்போதே தூங்கிட்டீங்க. போன்லயும் பாதிப் பேச்சில குறட்டை விடறீங்க, அதுக்காகத்தானே கடிதத்துக்கு மாறினோம்?

முதலாளிகிட்ட பேசினேன். லாரியும் வரலை, சீட்டும் சரியலை. தையல் மெஷின் முன்னால ஸ்டூல்ல உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்திருக்கீங்க. இந்த வருஷத்துல மூணாவது தடவையாம். "தூக்கத்துக்கு வைத்தியம் பார்த்துட்டு வரட்டும், அதுவரைக்கும் மெஷினைத் தொட விடமாட்டேன்"னு சொல்லிட்டார்.

மாமா, உங்க குறட்டை சிங்கத்தோட கர்ஜனை இல்லை. நம்மளை மாதிரி பிறவியிலேயே எலும்பு சட்டுனு உடையறவங்களுக்கு முதுகு வளைஞ்சு, நெஞ்சுக்கூடு சின்னதா இருக்கு. மூச்சுக்கு இடம் பத்தாது. அதோட தூக்கத்துல தொண்டையும் அடைச்சுக்குது. மூச்சு நின்னதும் மூளை உலுக்கி எழுப்புது, மறுபடி நிக்குது. விடியற வரைக்கும் இதே கதைன்னா பகல்ல தூங்காம என்ன செய்வீங்க? என்னை எலும்பு டாக்டர்தான் பரிசோதனைக்கு அனுப்பினார். மணிக்கு இருபத்திரண்டு தடவை நின்னிருக்கு. ஒரு வருஷமா மூக்குல மாஸ்க் போட்டு, காத்தை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கற மெஷினோடதான் தூங்கறேன்.

இந்தத் தடவை மணிக்கட்டோட போச்சு. அடுத்த தடவை கழுத்தா இருந்தா? தயவுசெஞ்சு போய்ப் பாருங்க.

சில்வண்டு

*

ஏப்ரல் 2

சில்வண்டுக்கு,

போனேன், பார்த்தேன், ஜெயித்தேன். தலை முதல் கால் வரை ஐம்பது ஒயர் ஒட்டினார்கள். ராக்கெட்டில் ஏற்றப்போகிறார்களோ என்று நினைத்துவிட்டேன். எனக்கு மணிக்கு நாற்பத்தொரு தடவை நிற்கிறதாம். நாற்பத்தொன்று! உன் இருபத்திரண்டு எந்த மூலைக்கு? இதிலும் மாமாதான் முதல்.

எனக்கும் மெஷின் கொடுத்துவிட்டார்கள். தினமும் பத்து மணி நேரம் மாஸ்க் போட்டுத் தூங்குகிறேன். எழுந்தால் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டலாம் போல இருக்கிறது. ஏதோ ஒரு ஃபாரத்தில் உன் போன் நம்பரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

எஃகு மாமா

*

ஏப்ரல் 19

மாமா,

அந்த ஃபாரத்தை நீங்க படிக்கலை. மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு தினமும் என் போனுக்குத் தகவல் வருது. முதல் நாள் நாலு நிமிஷம். அதுக்கப்புறம் வரிசையா சைபர்.

எனக்குக் கோபம் இல்லை. அம்மா போனதுக்கப்புறம் இந்த எலும்போட மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேர்தான். நீங்களும் போயிட்டா நான் யாருக்கு மருமகள்?

ஏன் போடலைன்னு மட்டும் எழுதுங்க. இந்த ஒரு தடவை கதை வேண்டாம்.

*

ஏப்ரல் 25

அன்புள்ள மருமகளுக்கு,

கதை இல்லாமல் எழுதச் சொன்னாய். பழக்கமில்லை. முயற்சி செய்கிறேன்.

நம் கடைக்குப் பக்கத்திலேயே பஞ்சர் கடை. போன வருஷம் காற்று அடிக்கும்போது ஒரு டயர் வெடித்தது. அவர்கள் கடை ஷட்டரே குழிந்துபோச்சு. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். முதல் நாள் மாஸ்க்கைப் போட்டதும் காற்று உள்ளே வந்தது, நெஞ்சு மேலே எழும்பியது, டிக் என்று ஒரு சத்தம். பிய்த்து எறிந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து அடித்தால் என் விலா எலும்பு தாங்குமா? தும்மலுக்கே ஒன்று போயிருக்கிறது. காளை முட்டியது என்று உனக்குச் சொன்னேனே, அந்த எலும்புதான். காளையெல்லாம் இல்லை. தும்மல்தான்.

பயம். வேறொன்றுமில்லை.

மாமா

*

மே 1

என் அருமை மாமாவுக்கு,

உண்மையைச் சொன்னதுக்கு ஒரு பெரிய நன்றி. அந்தக் காளையை இத்தனை வருஷமா நம்பிட்டேன்!

இப்ப உங்க அளவு டேப்பை எடுங்க. ஒரு ஸ்ட்ராவோட நுனியிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் அளந்து பேனாவால கோடு போடுங்க. உயரமான டம்ளர்ல தண்ணி ஊத்தி, அந்தக் கோடு வரைக்கும் ஸ்ட்ராவை முக்கி ஊதுங்க. முதல் குமிழி வருதில்ல? உங்க மெஷினோட பலம் மொத்தமே அவ்வளவுதான். டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டுல 'ஒன்பது'ன்னு எழுதியிருக்கறது அதைத்தான். உங்க நெஞ்சுக்கூட்டைப் பார்த்துட்டுத்தான் அந்த அளவை வெச்சிருக்கார். கார் டயர்ல இருக்கற காத்து இதைவிட இருநூறு மடங்குக்கும் மேல.

அந்த 'டிக்' என்னன்னு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மாஸ்க் பட்டையை ரொம்ப இறுக்காதீங்க.

சில்வண்டு

*

மே 20

அன்புள்ள சில்வண்டுக்கு,

ஊதினேன். முதலாளியும் பஞ்சர் கடைக்காரரும் சாட்சி. குமிழி வந்தது. "இதுக்கா பயந்தீங்க? நான் கொட்டாவி விட்டாலே இதைவிட வேகமா வருமே" என்று பஞ்சர்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள், விலா எலும்பு எல்லாம் முழுசாக இருக்கிறது. டிக் என்றது மாஸ்க்கின் பிளாஸ்டிக் கொக்கி. பட்டை கன்னத்தை அறுத்ததால், சீட்டுக்குப் போடுகிற வழவழத் துணியில், மாவுக்கட்டுப் பிரித்த கையாலேயே அதற்கு ஓர் உறை தைத்தேன். மெஷின் கொடுத்த டெக்னீஷியன் பார்த்து அசந்துபோய் நூறு உறை ஆர்டர் கொடுத்தார். இல்லை, "நல்லா இருக்கு, போட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினேன். எழுந்தால் தலைவலி இல்லை. அது இல்லாமல் கண் விழிப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர்கூட நன்றாக இருந்தது.

முதலாளி திங்கள்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். ஸ்டூலுக்குப் பதில் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டிருக்கிறார். இந்தக் கடிதத்தில் எங்கேயும் கோடு இழுக்கவில்லை, கவனித்தாயா? உன்னை நான் தூக்கி வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். இப்போது நீ என்னைத் தூக்கிவிட்டாய். நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது.

உன் மாமா
(எஃகு இல்லை. ஆனால் வண்டி ஓடுகிறது.)

*

மே 27

என் எஃகு மாமாவுக்கு,

அஞ்சு மணி நேரம் இல்லை மாமா. ஆறு மணி நேரம் அம்பத்திரண்டு நிமிஷம். போன்ல வந்திருக்கு. பிறந்ததிலிருந்து முதல் தடவையா ஒண்ணைக் குறைச்சுச் சொல்லியிருக்கீங்க. நான் நம்ப மாட்டேன்னு நினைச்சீங்களா? படிச்சதும் அழுதுட்டேன்.

சின்ன வயசுல ஒவ்வொரு மாவுக்கட்டுக்கும் நீங்க ஒரு கதை கட்டித் தருவீங்க. பாவம்னு பார்க்க வந்த பசங்க எல்லாம் வாயைப் பிளந்துட்டு நிப்பாங்க. அந்தத் தெம்புலதான் நான் பள்ளிக்கூடத்தையே முடிச்சேன். டாக்டருக்கும் மெஷினுக்கும் உண்மையைச் சொல்லுங்க. மத்தவங்களுக்கு வேண்டாம்.

நேத்து குளியலறைக் கதவுல இடிச்சு என் கால் விரல் முறிஞ்சுது. ஆபீஸ்ல எல்லாரும் எப்படின்னு கேக்கறாங்க. கதவுன்னு சொல்ல மானம் போகுது. திங்கட்கிழமைக்குள்ள நல்லதா ஒண்ணு எழுதி அனுப்புங்க.

காளை இருந்தா நல்லது.

உங்கள் சில்வண்டு