எரியாத சிவப்பு விளக்கு

திருவண்ணாமலை
9.11.1984

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

ஒரு வேடிக்கை கேளுங்கள். எங்கள் ஆஸ்பத்திரி ஜீப்பில், இஞ்சினுக்கு ஆயில் ஏறாததைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒரு வாரமாக எரிந்தது. நேற்று டிரைவர் ஆதிமூலம், "சரி பண்ணிட்டேம்மா, இனிமே எரியாதுங்க" என்று சிரித்தார். இன்று நானே சாவியைத் திருப்பினேன். இஞ்சின் கிளம்புமுன் எரிய வேண்டிய விளக்கு அப்போதும் எரியவில்லை. பல்பையே கழற்றியிருக்கிறார்!

நாளை ஜவ்வாது மலையில் தடுப்பூசி முகாம். மலையில் மழை. வேறு வண்டி இல்லை. மருந்தோ ஐஸில் காத்திருக்கிறது. பயப்படாதீர்கள்.

உங்கள் மோட்டார் பட்டறையிலிருந்து அந்த பல்பு ஒன்றைப் பஞ்சில் சுற்றி அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள், போதும். இஞ்சினுக்கு அடியில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டால் வண்டியை எடுக்கலாமா? காலையிலிருந்து கேட்கிறது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

இந்திராணி