உன்ரை பழைய எக்கவுண்ட்

குருநகர், 03.02.2025

அன்புள்ள அண்ணை,

எனக்கு வேலை கிடைச்சிட்டுது, சைபர் செக்கியூரிட்டி இஞ்சினியர், ஒப்பந்த வேலை, அதுவும் நீ முந்தி இருந்த அதே இறால் ஏற்றுமதிக் கொம்பனியிலை!!

டிகிரி இல்லையெண்டு முதலாளி றெஜி அண்ணையிட்டைச் சொன்னன். "யூரியூப்பிலையோ படிச்சனீ?" எண்டு சிரிச்சார். சோதனைக்குத் தந்த கொம்பியூட்டரிலை கள்ளர் பூரக்கூடிய மூண்டு ஓட்டையைக் காட்டினன். சிரிப்பு நிண்டிட்டுது.

ஆர் எங்கையிருந்து கொம்பனிக் கொம்பியூட்டருக்குள்ளை களவா வந்தாலும் இனி என்ரை திரையிலை சிவப்பாத் தெரியும். முதல் மாதம் பாத்திட்டுத்தான் வருசம் முழுக்கத் தருவினமாம். நான் பிழை விட்டால் வேலை கொழும்புக்காரருக்குப் போயிடும். பிழை விடன்!

உன்ரை தங்கச்சி
லவீனா

ரொறன்ரோ, 07.02.2025

அன்புத் தங்கச்சி,

வாசிச்சுப்போட்டு பஸ்ஸுக்குள்ளை கத்திப்போட்டன். எண்டாலும் நான் சுகமோ எண்டு ஒரு சொல் கேக்கேல்லை நீ, கெட்டிக்காரி.

பயப்பிடாதை. இஞ்சையிருந்து நானும் ஒரு கண் வைச்சுக்கொள்ளுவன். ஏதும் சிவப்பா வந்தால் றெஜியிட்டை ஓடாமல் முதல் எனக்கு எழுது.

அண்ணை
ஜெறோம்

குருநகர், 17.02.2025

அன்புள்ள அண்ணை,

சுகமோ? கேட்டிட்டன்.

நேற்றுப் பூசையாலை வந்து பாத்தால் திரை சிவப்பு. ரொறன்ரோவிலையிருந்து ஒராள் உள்ளை வந்து நான் எழுதின அறிக்கையெல்லாம் திறந்து பாத்திருக்கிறார். பேர் ஜெறோம். நீ விலகி ரெண்டு வருசம், உன்ரை எக்கவுண்டை ஒருத்தரும் பூட்டேல்லை.

நான் பிழை விடுறனோ எண்டுதானே பாத்தனீ? விளங்குது. ஆனால் உனக்கு எழுதமுதலே பூட்டிப்போட்டு, உன்ரை பேரைப் போட்டு அறிக்கை குடுத்திட்டன்.

"பிள்ளை, இது உன்ரை அண்ணையெல்லே?" எண்டு கேட்டார் றெஜி அண்ணை.

"ஓம். அதுதான் முழுப் பேரும் எழுதினனான்."

அவர் அறிக்கையை வாங்கி வைச்சார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுவாராம். கோவமெண்டால் கோவி. என்னாலை மறைக்கேலாது.

லவீனா

ரொறன்ரோ, 20.02.2025

தங்கச்சி,

கோவம்தான். "உவள் ஆர் எனக்குப் பூட்ட" எண்டு பழைய பாஸ்வேட்டை மூண்டு தரம் அடிச்சன். மூண்டு தரமும் திறக்கேல்லை. பிறகு தனியச் சிரிச்சுக்கொண்டிருந்தன்.

றெஜிக்கு நானே எழுதினன்: "பிழை என்னிலை. பிள்ளையை விட்டிடாதை." வருசம் முழுக்க நீதானெண்டு அவன் பதில் போட்டிட்டான். நாளைக்கு அவன் சொல்லேக்கை தெரியாத மாதிரி நில்.

உன்ரை திரையிலை மூண்டு சிவப்புக் கிடக்கும். அதையும் என்ரை பேரிலை எழுதிக் குடு. குடுத்திட்டு அம்மா, மரியநாயகி மாமி எல்லாரையும் கூட்டி வைச்சு வீடியோ கோலிலை என்னை எடு. என்னையே வெளியிலை விட்டுப் பூட்டினவள் என்ரை தங்கச்சியெண்டு அவையளுக்கு நான் சொல்லவேணும்.

அண்ணை
ஜெறோம்