வெறும் சேறு

நியூசிலாந்துக் கடல்
15.09.2009

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி அஜந்தாவும் அவள் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்?

போன வாரம் எங்கள் இழுவை வலை ஆழத்தில் பவளப்பாறையில் மாட்டிக் கிழிந்தது. யாருக்கும் காயமில்லை, பயப்பட வேண்டாம். வெள்ளைப் பவளக் கொம்புகள் உடைந்து வந்து கப்பல் தளம் முழுக்கக் குவிந்தன. முன்பு நம் தூண்டிலில் ஒரு துண்டு ஏறினாலும், "மீன்ட வீடு மனே, எடுத்த இடத்திலயே போடு" என்பீர்களே, அதே கொம்புதான். விரல் நீளம் வளர நூறு வருடமாகுமாம். கப்பலில் வந்த ஆய்வாளர் அம்மா சொன்னார். இரண்டு மணிநேரம் சவளால் அள்ளிக் கடலில் கொட்டினேன். அதற்குள் கப்பல் வெகுதூரம் வந்துவிட்டது. அது எடுத்த இடமில்லை.

நேற்றுக் கப்டன், "உங்கள் நாட்டில்தான் யுத்தம் முடிந்துவிட்டதே, கிழக்கே ஆழத்தில் என்ன இருக்கிறது?" என்று விசாரித்தார். வெறும் சேறு என்றேன். நாம் தூண்டில் போட்ட பவளப்பாறை இருக்குமிடம் அறியக் கரையில் குறி பார்த்த கோயிலையும் தென்னைகளையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. இப்போது அந்த இடம் உங்கள் தலைக்குள் மட்டுந்தான் இருக்கிறது.

இங்கே சாப்பாட்டில் உறைப்பே இல்லை. அஜந்தாவிடம் மிளகாய்த்தூள் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலத்திலும் ஒரு போத்தல் வையுங்கள். எனக்கு வலி ஒன்றுமில்லை, மணத்துக்குத்தான். மார்கழியில் அம்மாவின் திவசத்துக்கு வர லீவு இல்லை.

வலை இழுக்கக் கூப்பிடுகிறார்கள். யாராவது சாராயம் வாங்கித் தந்து அந்த இடத்தைக் கேட்டால், குடித்துவிட்டு, சேறு என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்
உதயரூபன்