பதினான்காம் நம்பர் வீட்டு அடுப்பு

செண்பக நகர், சிவகாசி
2.7.2025

அன்பு அருணா,

இங்கே மழையும் இல்லை, எனக்கு நிம்மதியும் இல்லை. மற்றபடி எல்லாரும் சுகம். கோயம்புத்தூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? முழங்கால் வலி எப்படி? போன் போட்டால் உன் மருமகள் பிரீத்திகா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

நம் தெரு குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கி எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. தண்ணீர் ஏன் வரவில்லை, விளக்கு ஏன் எரியவில்லை, நாய் ஏன் குரைக்கிறது, எல்லாவற்றுக்கும் சொர்ணலட்சுமி பதில் சொல்ல வேண்டும். சோற்றில் கை வைத்தால் காலிங் பெல் அடிக்கிறது.

இப்போது பிராது உன் வீட்டைப் பற்றி. பதினான்காம் நம்பரில் நீ குடிவைத்திருக்கிற சினேகாவும் அவள் புருஷன் கதிரவனும் கொல்லையில் விறகடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். புகை அப்படியே பக்கத்து வீட்டு லட்சுமிகாந்தத்தின் ஹாலுக்குள் போகிறது. வெளியே அடுப்பு கூடாது என்று நாம்தானே விதி போட்டோம்? நீயும்தானே கை தூக்கினாய்? "சிநேகிதி வீடுன்னா செயலாளரம்மா கண்ண மூடிக்கிடுவீகளோ?" என்று லட்சுமிகாந்தம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். எனக்கு முகம் செத்துப் போயிற்று. யார் வீடானாலும் விதி ஒன்றுதான் என்று சொல்லி, அவர்களுக்கு நோட்டீசும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்.

உன்
சொர்ணம்

கோயம்புத்தூர்
6.7.2025

என் சொர்ணம்,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! பேரன் பிரித்துவிடுவதற்குள் பிடுங்கிக்கொண்டேன். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது.

அந்த அடுப்பு விஷயத்தை விட்டுவிடேன், எனக்காக. இல்லாதப்பட்டதுகள், வெளியே பொங்கித் தின்றால் யாருக்கு என்ன குறைந்துபோயிற்று? லட்சுமிகாந்தம் ஜன்னலைச் சாத்திக்கொள்ளட்டும். அந்த வாடகை இருப்பதால்தான் நான் இங்கே யார் கையையும் பார்க்காமல் இருக்கிறேன். அது நின்றால் ஒரு தலைவலி மாத்திரைக்கும் பிரீத்திகா முன்னால் போய் நிற்க வேண்டும்.

நீ அங்கே அடிக்கடி போகாதே. வீட்டுக்குள் போகவே போகாதே. தீபாவளி முடியட்டும், நானே வந்து அவர்களைக் காலி பண்ணச் சொல்கிறேன். கேட்பாய்தானே?

அருணாதேவி

சிவகாசி
11.7.2025

அருணா,

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் கண்டதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சிநேகிதி என்பதற்காக விதியை வளைக்கச் சொல்கிறாளே என்று. எங்கள் வீட்டில் சும்மா கிடந்த கேஸ் அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு நானே போனேன். சினேகா வாசலை மறித்து நின்றாள். "நாங்க வெளியவே பொங்கிக்கிடுதோம்மா" என்றாள். நான் விடுவேனா? அவளை விலக்கிவிட்டு அடுப்படிக்குப் போய், டியூபை மாட்டி, லைட்டரைக் கையில் எடுத்தேன்.

அவள் என் கையைக் கடித்துவிட்டாள், அருணா. கடித்து, லைட்டரைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, "எம்மா, பத்த வச்சிராதீக! உள்ள கருந்திரி கெடக்கு!" என்று அழுதாள்.

கதவைத் தள்ளிப் பார்த்தேன். கட்டில் போட வேண்டிய அறையில் சுவருக்குச் சுவர் மருந்து தடவிய வெடித்திரி காய்கிறது. ஒரு பொறி போதும். அறைக்கு வெளியே ஒரு சேலையில் அவள் குழந்தை தூங்குகிறது. இதற்காகத்தான் கொல்லையில் சமைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்குக்கூட ஏற்றுவதில்லையாம். பட்டாசுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு முப்பத்தாறு வருஷம் ஆகிறது, எனக்கு இது உறைக்கவில்லையே! நோட்டீசும் கொடுத்து அடுப்பும் கொடுத்து, நானே தெருவைக் கொளுத்தியிருப்பேன்.

தாயில்பட்டியில் அவர்கள் முன்பு வேலை பார்த்த வேறொருத்தர் கம்பெனி ஆய்வுக்குப் பயந்து அடைத்துக் கிடக்கிறதாம். வேலை இல்லை. சரக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் பேச்சை மாற்றுகிறார்கள். யார் என்று தெரியாமல் புகார் கொடுத்தால் கூலிக்காரன்தான் மாட்டுவான். குழந்தையை இங்கே தூக்கி வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும். உள்ளே போகாதே என்று எழுதினாயே. நேற்று போனில் கேட்டதற்கு, "வீட்டுல ஆளு இருக்கு, எழுதுதேன்" என்று வைத்துவிட்டாய். யாரடி அது?

சொர்ணம்

கோயம்புத்தூர்
14.7.2025

சொர்ணம்,

மூன்று காகிதம் எழுதிக் கிழித்தாயிற்று. உன் மகன் மணிகண்டராஜ்தான்.

போன தை மாதம் இங்கே வந்தான். "அத்தை, நம்ம கம்பெனி ஆளுக்கு ஒரு வீடு வேணும். உங்க வீடு சும்மாதான பூட்டிக் கெடக்கு?" என்றான். எழுத்துக்கிழுத்து ஒன்றும் வேண்டாம் என்றான். வாடகையை அவன்தான் மாதாமாதம் பாங்கில் போடுகிறான். எதற்கு வீடு என்று நான் கேட்கவில்லை. சித்திரையில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாங்கிக்கொண்டிருந்தேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் அவன் நீ பெற்ற பிள்ளை. தனியாகக் கூப்பிட்டு, சரக்கை எடுத்துவிடச் சொல். சங்கம், கூட்டம், புகார் என்று இறங்கிவிடாதே. அந்தச் செயலாளர் உத்தியோகம் உனக்குச் சோறா போடுகிறது?

அருணா

சிவகாசி
31.7.2025

அருணா,

நீ சொன்னபடியே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எம்மா, சீசன் நேரம், ஆர்டர் நிக்குது. ஊருல இல்லாததையா நான் செஞ்சுட்டேன்? பத்து நாளுல காலி பண்ணிருதேன், பேசாம இருங்க" என்றான். பத்து நாளாம்! அதற்குப் பிறகு என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தெருவில் பீடி பற்றவைத்த ஒரு மனுஷனிடம் ஓடிப்போய் அணைக்கச் சொன்னேன். மணி சொன்ன நாளில் சரக்கு போகவில்லை; புதிதாக ஒரு லோடு வந்து இறங்கியது.

அன்று மாலையே கமிட்டியைக் கூட்டி, மகன் பெயரைச் சொன்னேன். லட்சுமிகாந்தம் என்ன சொன்னாள் தெரியுமா? "விடுங்கக்கா, நம்ம பிள்ளதான. நோட்டுல ஏத்தாதீக." அடுப்புப் புகைக்கு அந்தக் குதி குதித்தவள்! மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் தீர்மான நோட்டை அங்கேயே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சரக்குக் கொடுத்தது மணிகண்டராஜ், தகப்பனார் பெயர் சங்கரலிங்கம், என் மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரியில் தண்ணீரை ஊற்றி அள்ளிக்கொண்டு போனார்கள். உன் வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கதிரவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். மணி வக்கீலோடு வந்து, "அந்த ஆள எனக்கு யாருன்னே தெரியாது, எங்கம்மாவுக்கு மனசு சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை, நான் வைத்த சோற்றைத் தொடுவதில்லை. சினேகா குழந்தையோடு எங்கள் மாடியில் இருக்கிறாள். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தோமே என்று அழுகிறேன், கூலிக்குத் திரி செய்தவன் மட்டும் கம்பி எண்ணுகிறானே என்றும் அழுகிறேன்.

வீட்டைக் கேட்டு வந்தது யார், வாடகை கொடுத்தது யார் என்று சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. வருவாயா?

சொர்ணம்

கோயம்புத்தூர்
4.8.2025

சொர்ணம்,

வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ். பாங்க் பாஸ்புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டேன். என்னையும் சேர்த்துக் கேஸ் போடுவார்கள் என்று என் மகன் குதிக்கிறான். போடட்டும். அந்தக் குழந்தை அங்கே தூங்கினதை நீ எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நீ அவனுக்கு அம்மா. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் உன்னைத் தேடி வந்துவிடுவான். என்னை அத்தை என்று கூப்பிட இனி அவன் வரமாட்டான்.

ஸ்டேஷனில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வா என்று கூப்பிடாதே, சொர்ணம். கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

அருணா