கழற்றிக் கொடுத்த பாம்படம்

சார்வரி ஆனி 4, ஞாயிறு. ராஜபாளையம்.
மேல்காற்று தூக்குகிறது, மழை ஒரு பொட்டு இல்லை. லைசென்ஸ் வந்து ஒன்பது நாள். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டாயிற்று. நாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். என் பெண்சாதி சிவகாமி காதுப் பாம்படத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். "வழியில பயமாயிருக்கு, வீட்டுல வச்சுட்டு வரட்டா?" அம்புட்டுப் பேர் கூடுகிற இடத்துக்கு மூளிக் காதோடா? போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஆனி 5, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், அண்ணன் வீடு.
நடந்தது:
மம்சாபுரம் விலக்கு. நல்ல வெயில். ஓடைப் பக்கம் ஒதுங்க இறங்கினேன், துப்பாக்கியோடுதான். திரும்பி வந்தால் வண்டியருகே ஒருவன், கையில் அரிவாள். வண்டிக்காரன் ஓடிப்போய்விட்டான், பேடிப் பயல். கள்ளன் அவளிடம் சொன்னது கேட்டது: "ஆத்தா, இழுத்தா காது பிஞ்சிரும். நீங்களே கழட்டித் தாங்க." கழற்றிக் கொடுத்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினான். சுட்டேன். முதுகில்.
"தண்ணி, தண்ணி" என்றான். செம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "ஏட்டி, வை அதை" என்றேன். செத்த நேரத்தில் அடங்கிவிட்டான். அவன் மடியிலிருந்து பாம்படத்தை எடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன?

மத்தியானம்.
அண்ணன் வக்கீல். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.
"ஏலே, அரிவாளை ஓங்குறவனைச் சுட்டா தற்காப்பு. போட்டுட்டு ஓடுறவனைச் சுட்டா கொலை. குண்டு எங்க பட்டுச்சு?"
"முதுகுல."
வெற்றிலையை மென்றபடி யோசித்தான். "சரி. ஒனக்கு முதுகைக் காட்டி நின்னு இவ காதைப் பிடிச்சு இழுத்தான். அறுத்துப் போட்டிருவான்னு பயந்து சுட்ட. அப்படின்னா தப்பிக்கலாம். காதைக் காட்டச் சொல்லு."
காது முழுசாக இருந்தது.
அண்ணன் எழுந்து வெளியே போனான். "இன்னும் ஒரு நாழிகையில டேசனுக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னான்.

ஆனி 6, செவ்வாய்.
நேற்று அண்ணன் வெளியே போனதும், வலது காது. ஒரே இழுப்பில் வரவில்லை, இரண்டு. கத்தவில்லை. "கள்ளன்கூடக் கழட்டித் தரச்சொல்லித்தான் கேட்டான்" என்றாள், அவ்வளவுதான். ஸ்டேஷனில் ஏட்டு அவள் காதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்; என்னைத் தைரியசாலி என்றார். தூக்குக் கயிற்றுக்கு முன்னால் ஒரு காது பெரிதா?
வாங்க வேண்டியது: மஞ்சள், வேப்பெண்ணெய், தோட்டா.

ஆனி 8, வியாழன்.
சாரல். காது வீங்கிச் சீழ். சாப்பிட மாட்டேன் என்கிறாள். பிடிவாதம். சாட்சி சொல்வதை அண்ணன் எட்டுத் தடவை சொல்லிக் கொடுத்தான். தலையை ஆட்டினாள்.

ஆனி 9, வெள்ளி. கச்சேரி வராந்தா.
பென்சிலால் எழுதுகிறேன். "காதைப் பிய்த்தது யாரம்மா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். காதுக் கட்டை அவிழ்த்துக் காட்டினாள்.
"கள்ளன் கேட்டான், கழட்டிக் குடுத்தேன். ஓடுனவனைச் சுட்டாவ. தண்ணி கேட்டான், குடுக்க விடல. காதைப் பிச்சவிய இந்தா நிக்காவ."
'நிக்காவ' என்கிற அந்த மரியாதையை மட்டும் விடவில்லை, சண்டாளி. அண்ணனைத் தேடினேன். கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியே போய்விட்டானாம். துப்பாக்கி உள்ளே மாஜிஸ்திரேட் மேசைமேல். அவள் எதிரே தூணடியில், செம்பைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் மட்டும் ஒரு பாம்படத்துக்காக…
கான்ஸ்டபிள்: "எழுதுனது போதும்வே. அந்த நோட்டையும் குடும்."