தோப்பூருக்குக் கொடுத்த நாய்

அன்பு மகள் நிரோஜினிக்கு அப்பா எழுதுவது. திருகோணமலையில் நான் சுகம், குளிசைகளை நேரத்துக்குப் போடுகிறேன். நீயும் மருமகன் திலக்சனும், எல்லோரையும் விட என் பேத்தி மிதுஷாவும் நோர்வேயில் நலமாக இருக்கப் பத்திரகாளி அம்மன் துணை நிற்பா. ஞாயிறு தவறாமல் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனுஷனுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஏலாத கதை, அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளையின் ஈரலில் நீர்க்கட்டி என்பதை நீங்கள் இரண்டு மாதம் மறைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா தனிய இருக்கிறார், தாங்கமாட்டார் என்று நினைத்தாயாம். உன் அம்மாவின் கடைசி நாட்களையே தாங்கினவனடி நான். சொன்னபோதும் அரைகுறையாகத்தான் சொன்னாய். கட்டி இருக்கிறது, ஒப்பரேஷன் செய்யப் போகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றாய். பிறகு, "அப்பா, உங்கட நாய் பிஸ்கட்டுக்குப் பூச்சி மருந்து குடுக்கிறனீங்களோ? நாய்ப் பழக்கம் இருக்கோ எண்டு டொக்டர் கேட்டவர்" என்றாய். மருந்து கொடுத்ததில்லை என்றேன். வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய்.

அந்த ஒரு கேள்வியோடு நான் பதினொரு நாள் இருந்தேன். மருந்துக்கடையில் விசாரித்தேன். நாயின் மலத்தில் இருக்கிற ஒருவகைப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி வரலாம் என்றார்கள். போன ஆடியில் நீங்கள் வந்து நின்ற இருபது நாளும் மிதுஷாவும் நாயும் ஒரே பாய். அதற்குப் பெயரே அவள் வைத்ததுதானே. தன் கோப்பைச் சோற்றை அதற்கு ஊட்டினாள், நான் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தேன். என் முற்றத்தில் இருந்துதான் பிள்ளைக்கு நோய் போனது என்று முடிவு கட்டிவிட்டேன். துறைமுகத்தில் என்னோடு வேலை செய்த ஸெய்னுதீன் தோப்பூர் வயலில் காட்டுப்பன்றியை விரட்ட நாய் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் எடுக்கமாட்டேன், வயல் வாடிக் கொட்டிலில் நிற்கட்டும் என்றார். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. திரும்பி வந்து வீடு முழுக்கக் கழுவினேன். அதற்குப் பிறகுதான், நாள் முழுக்க நான் கதைத்துக்கொண்டிருந்தது அந்த நாயோடு என்று விளங்கியது.

ஒப்பரேஷன் முடிந்து நீ போன் எடுத்தாய். வயிற்றைக் கிழிக்கவில்லை, மூன்று சின்னத் துளைதான், ஒன்றால் கமராவை விட்டுப் பார்த்து மற்றவற்றால் நீரை உறிஞ்சிக் கட்டியின் மேல்தோலை வெட்டி எடுத்தார்கள், மூன்றாம் நாளே வீடு என்றாய். அம்மாவின் பித்தப்பைக்குப் போட்ட ஒரு சாண் வெட்டை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவன் நான். பிள்ளை சட்டையைத் தூக்கி மூன்று பிளாஸ்டரையும் காட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் போகிற போக்கில் சொன்னாய், இரத்தப் பரிசோதனையில் நாய்ப்புழு ஒன்றும் இல்லையாம், பிறக்கும்போதே இருந்த கட்டியாம். ஒப்பரேஷனுக்கு முன்னமே உங்களுக்குத் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாது. மிதுஷா போனைப் பறித்துப் பிஸ்கட்டைக் காட்டச் சொன்னாள். நித்திரை என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் தோப்பூர் போனேன். ஸெய்னுதீன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணாம் நாளே கயித்த அறுத்துக்கொண்டு போயிட்டு அண்ணன். கிண்ணியாப் பாலத்தடியில கண்டவங்களாம்" என்றார். பாலத்தில் இறங்கி மீன் விற்பவர்கள், ஓட்டோக்காரர் எல்லோரையும் கேட்டேன். ஒருவரும் அதைக் காணவில்லையாம். பாலம் தோப்பூரில் இருந்து இங்கே வருகிற வழிதானே, அது வீட்டுப் பக்கமாகத்தான் நடந்திருக்கிறது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன் அம்மா சும்மாவா சொன்னா. நீ மறைத்தாய், நான் அவசரப்பட்டேன், பழியை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வோம். இனி எதுவானாலும் முழுதாகச் சொல்லு மகள், பாதி தெரிந்தால்தான் தனிய இருக்கிறவனுக்குப் பயம்.

பிள்ளையைப் பாரமான பை தூக்க விடாதே. டொக்டர் சொன்ன திகதிக்கு ஸ்கேன் எடுக்க மறக்காதே. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருங்கள். இந்தக் கடிதம் வந்து சேர மூன்று கிழமையாகும். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் பிஸ்கட் நித்திரை என்றுதான் பிள்ளைக்குச் சொல்வேன். இரவிலும் வாசல் படலையைச் சாத்துவதில்லை. அதற்குள் அது நடந்து வந்து சேர்ந்துவிட்டால் போனில் காட்டுவேன், நீ இதைக் கிழித்துப் போடு. வராவிட்டால், அவளுக்கு நீ சொல்லு. என்னால் ஏலாது.

அன்புள்ள அப்பா,
சிவகுருநாதன்