கேட் வரை வந்தவர்

காயல்பட்டினம்
12.1.2004

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நஸீராவும் என் உம்மாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் பேசியது பாதி புரியவில்லை. பின்னால் யாரோ "பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கமும் கூடப்பிறந்த காக்கா, உம்மா என்று எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். எனக்குக் கடிதத்தில்தான் உங்களிடம் பேச வருகிறது.

நேற்று ஏரலில் இருந்து ஒரு பெண் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தாள். அவள் புருஷன் சார்ஜாவில் பக்கவாதம் வந்து விழுந்தவராம். உங்கள் ஆம்புலன்ஸ் விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தாராம். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாராம். "பாய் மட்டும் இல்லன்னா எம்புருசன பொட்டியில வச்சுத்தான் அனுப்பிருப்பாவ" என்று உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. கிளம்பும்போது "பாய் எப்ப வாராவ?" என்று கேட்டாள். உம்மா என்னைப் பார்த்தார்கள். நான் "சீக்கிரம்" என்று சொல்லி வைத்தேன்.

நீங்கள் கடைசியாக வந்துபோனபோது நஸீரா எட்டாம் வகுப்பு. இப்போது ப்ளஸ் டூ எழுதப்போகிறாள். என் தோளைத் தாண்டிவிட்டாள். அத்தனை பேரையும் ஊருக்கு ஏற்றி அனுப்புகிற நீங்கள் ஒரு தடவை நீங்களும் ஏறி உட்காரக் கூடாதா மச்சான்? பரீட்சை முடிந்ததும் வாருங்கள்.

போன வாரம் வருஷ நாளுக்கு வீட்டில் யாசீன் ஓதினோம். யாருக்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது.

உங்கள்
நஜீஹா


துபாய்
4.2.2004

அன்பு நஜீஹாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நஸீராவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு முன்னால் யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

ஏரல்காரர் நடக்கிறார் என்று இங்கே எல்லாரிடமும் சொன்னேன். டெல்பின் சிஸ்டர் கைதட்டினாள். அவளைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. குளச்சல்காரப் பெண். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி டியூட்டி. லீவு நாளில் நம் விமானத்தில் நோயாளி கூடவே பறக்கிறாள். ஒரு மலையாளி டாக்டர் உண்டு. விமானம் ஒரு அரபியுடையது, எண்ணெய்ச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தருகிறார். ஓட்டுகிற கேப்டன் ஜோர்டான்காரர், சிரிக்கவே மாட்டார், ஆனால் ஒரு தடவையும் வர முடியாது என்று சொன்னதில்லை. வேலைக்கு எடுத்த கபீல் முதலாளியிடம் போய் நின்று நோயாளியின் பாஸ்போர்ட்டை வாங்கி வருவது தியாகு. ஆபீஸ் என்று ஒன்றும் கிடையாது. நம்ம நெய்னா முகம்மதுவின் மளிகைக் கடை போன்தான் 'அமானத்' சேவையின் ஆபீஸ். ஒருவர் பருப்பு கேட்டுக்கொண்டிருப்பார், இன்னொருவர் "எங்க ரூம்ல ஒருத்தர் விழுந்துட்டார் பாய்" என்று அழுதுகொண்டிருப்பார்.

இப்போது உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். ஜெபல் அலியில் சாரத்தில் இருந்து விழுந்த பொன்னுச்சாமி என்பவரை அடுத்த மாதம் திருவனந்தபுரத்துக்கு அனுப்புகிறோம். முதுகெலும்பு போய்விட்டது. அங்கே விமானத்தடியில் நோயாளியை இறக்கி வாங்கிக்கொண்டிருந்த பையன் வேலை கிடைத்து சவூதிக்குப் போய்விட்டார். காக்காவைக் கூட்டிக்கொண்டு நீ போக முடியுமா? உள்ளே போக பாஸ் எடுத்துத் தருவார்கள். வருகிற வீட்டுப் பெண்கள் பயந்துபோய் நிற்பார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்றால் நல்லது.

ஊர் வருவது பற்றி, லீவு பார்த்துச் சொல்கிறேன். இங்கே ஒரு பறப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

அஸ்கர் அலி


காயல்பட்டினம்
21.3.2004

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பொன்னுச்சாமியை ஏற்றுக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். காக்கா போனில் சொல்லியிருப்பார். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அவர் பெண்சாதி சங்கரன்கோவில் பக்கம். விமானம் இறங்குகிறவரை என் முந்தானையை விடவில்லை. ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் முகத்தைப் பார்த்துவிட்டு, "யக்கா, இது அவரு இல்ல" என்றாள். அவ்வளவு மெலிந்திருந்தார். அவர் மெதுவாக "ஏ புள்ள, நாந்தான்" என்ற பிறகுதான் கிட்டே போனாள். நீங்கள் சொன்னது சரி, பக்கத்தில் ஒரு பெண் நிற்கத்தான் வேண்டும். இனியும் போவேன்.

டெல்பின் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அஸ்கர் அண்ணனுக்க வீட்டுக்காரியா? அண்ணன் எங்களுக்கெல்லாம் சோறு வாங்கித் தந்துட்டுத்தான் தின்பாவ" என்றாள். நல்ல பெண். பேச்சோடு பேச்சாக "பிள்ளைய எத்தன?" என்று கேட்டாள். "ரெண்டு" என்றேன். "ஒரு பொம்பளப்பிள்ள மட்டுந்தான்னு அண்ணன் சொன்னாவளே" என்றாள்.

நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றுகிற வேலை இருந்தது.

மச்சான், செய்யது நாலு வருஷம் இந்த வீட்டில் ஓடித் திரிந்தான். மூளைக்காய்ச்சல் வந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியில், ஆக்ஸிஜன் இல்லாத வண்டியில், என் மடியில் மௌத்தானான். எண்ணிக்கை கேட்கிறவர்களிடம் அவனை விட்டுவிட என் வாய் வரவில்லை. உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

நஸீரா பரீட்சை நன்றாக எழுதுகிறாள். கடிகாரம் வந்து சேர்ந்தது.

நஜீஹா


துபாய்
30.4.2004

அன்பு நஜீஹாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை.

பொன்னுச்சாமி விஷயத்தில் நீ செய்ததை இங்கே எல்லாரும் மெச்சுகிறார்கள். நெய்னா உன்னைப் பற்றி "இனி லாத்தாதான் நம்ம இந்தியா மேனேஜர்" என்கிறார்.

ருவைஸில் பெர்சி என்று ஒரு பையன். மணப்பாட்டுக்காரன், இருபத்திரண்டு வயது. குழாய் வெடித்துத் தலையில் அடி. நினைவு இல்லை, மெஷின்தான் மூச்சு விடுகிறது. ஜூன் முதல் வாரம் அவனைக் கொண்டு வருகிறோம். மெஷின் நின்றுபோனால் கையால் காற்றுப் பையை அமுக்க இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார் டாக்டர். வழக்கமாக வருகிற பையனுக்கு விசா சிக்கல். டெல்பின் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஆகவே இந்தத் தடவை நானே கூட வருகிறேன்.

விமானம் எண்ணெய் போட்டுக்கொண்டு உடனே திரும்பிவிடும். தங்க முடியாது. ஆனாலும் உன்னைப் பார்க்கலாம் அல்லவா? இந்தத் தடவை பாஸ் ஒருவருக்குத்தான், நீ மட்டும் உள்ளே வா. நஸீராவை அலைக்கழிக்க வேண்டாம், வெயில்.

மற்றதை நேரில் பேசுவோம்.

அஸ்கர் அலி


காயல்பட்டினம்
9.6.2004

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெர்சி நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காய்ச்சல் இல்லை. கண் இன்னும் திறக்கவில்லை. அவன் அம்மாவுடன் நேற்றும் போய் இருந்துவிட்டு வந்தேன். இது சேவைக்கான செய்தி.

இனி எனக்கும் உங்களுக்குமானது.

விமானக் கதவு திறந்ததும் நீங்கள் ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் குனிந்தபடி இறங்கி வந்தீர்கள். கையில் அந்தக் காற்றுப் பை. அமுக்கிக்கொண்டே வந்தீர்கள். தாடி பாதி வெளுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் ஒரு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டி வந்திருக்கிறார், இப்போது போய் நம் குறையைச் சொல்லக் கூடாது என்று ஒதுங்கி நின்றேன்.

ஆம்புலன்ஸ் மெஷினை மாட்டியதும் உங்கள் கை ஓய்ந்தது. அதற்குள் பெர்சியின் அம்மா கேட்டுக்கு வெளியே நின்று கத்துவது கேட்டு, டெல்பின் கெஞ்சி அவரை உள்ளே விடச் செய்தாள். அந்த அம்மா உங்கள் காலில் விழப்போனார். நீங்கள் அவரைத் தூக்கி நிறுத்தி, "அழாதீங்கம்மா, ஒங்க மவனக் கொண்டாந்துட்டேன்" என்றீர்கள். நான் ரெண்டடி தள்ளித்தான் நின்றேன்.

நஸீராவைக் கூட்டி வர வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தீர்கள். அவள் கேட்கவில்லை. விடியலிலேயே எழுந்து குளித்து, பெருநாளைக்கு எடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். கம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு காக்காவோடு நின்றாள். "அந்தா நிக்கிறா நம்ம பிள்ள" என்று காட்டினேன். "ம்ம்" என்றீர்கள். பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் கையை ஆட்டினாள்.

ஏர்போர்ட்டின் மலையாளி ஆபீஸர் ஒருவர் தானாகவே வந்து சொன்னார்: "மோளல்லே அது? போய்க் கண்டிட்டு வாங்க சாரே, பத்து மினிட் ஞான் நோக்கிக்கொள்ளாம்." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "வேணாம் சார், நேரமாச்சு."

கேப்டன் அப்போது நிழலில் உட்கார்ந்து, நான் உங்களுக்குக் கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது மச்சான்.

செய்யது மௌத்தான அன்று நீங்கள் துபாய் ஏர்போர்ட் வரை வந்து, செய்தி கேட்டுத் திரும்பிப் போனீர்கள். அடக்கத்துக்கு எட்டாது, வந்து என்ன செய்ய என்று காக்கா சொன்னதால்தான் மச்சான் திரும்பினார்கள் என்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் மூன்று வருஷமாக நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடக்கத்துக்கு எட்டாவிட்டால் என்ன? நான் இருந்தேன். நஸீரா இருந்தாள். எங்களுக்கு எட்டியிருக்கலாம். ஒருநாளும் இதை நான் கேட்டதில்லை. உங்களுக்கு வலிக்கும் என்று கேட்கவில்லை. இப்போது கண்ணெதிரே ரெண்டாவது தடவை பார்த்துவிட்டேன். இனிமேல் யாருக்கும் பதில் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

திரும்பி வரும் வழியில் ஆரல்வாய்மொழி தாண்டியதும் நஸீரா கேட்டாள்: "உம்மா, வாப்பாவுக்கு நம்மளக் கண்டா பயமா?" காக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனுக்கு அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தப்போவதில்லை.

நோயாளிகள் வந்தால் போவேன். அந்தப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? தேதியும் பேரும் நெய்னா காக்கா நம் வீட்டுக் காக்காவுக்குப் போனில் சொன்னால் போதும். நீங்கள் எனக்கு எழுத வேண்டாம்.

நஜீஹா


துபாய்
2.8.2004

நஜீஹா,

எழுத வேண்டாம் என்றாய். இத்தனை நாளும் எழுதவில்லை. இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

அன்று விமானம் ஏறியதும் டெல்பின் கேட்டாள், "அண்ணா, கேட்டுக்கு வெளிய நின்ன பிள்ள யாரு?" "என் மக" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூத்தவ" என்று வாயில் வந்துவிட்டது. "மூத்தவன்னா, இளையது உண்டா?" என்றாள். அப்போது சொன்னேன். செய்யதைப் பற்றி இங்கே ஒருவரிடம் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பாதியில் என்னால் முடியவில்லை. அவள் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். எழுந்துபோய், துபாய் வருகிறவரை வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது, "அண்ணா, அடுத்த பறப்புக்கு நீங்க வராண்டாம். டிக்கெட் எடுத்து வீட்டுக்குப் போங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரிடம் பேசுகிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் ரெண்டு பறப்பை நான் அனுப்பினேன். யாரும் குறை சொல்ல முடியாதபடி ஓடி ஓடிச் செய்தேன். வெள்ளிக்கிழமை போன் போட்டால் காக்கா எடுத்து, "எல்லாரும் சுகம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். கடைசியில் நானே நெய்னாவிடம் போய், இனி நோயாளிகள் விஷயத்தை நீயும் தியாகுவும் பாருங்கள் என்று சொன்னேன். "எத்தன நாளைக்கு?" என்றார். தெரியவில்லை என்றேன். அவர் உடனே டிக்கெட்டுக்கு டிராவல்ஸுக்குப் போன் செய்தார்.

இருபதாம் தேதி வருகிறேன். சாதாரண விமானம். திரும்பும் டிக்கெட் எடுக்கவில்லை. ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், நானே பஸ் பிடித்து வந்துவிடுவேன். உன் வீட்டு வாசலேற உன் சம்மதம் வேண்டும். மனசு இல்லையென்றால் காக்காவிடம் சொல்லிவிடு, என் உம்மா வீட்டில் தங்கிக்கொள்கிறேன். யார் கேட்டாலும் காரணம் நான்தான் என்று சொல்வேன். நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

நஸீரா கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். ஆமாம் என்று சொல். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் யார் நிற்கவில்லை என்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. பயத்தோடுதான் வருகிறேன்.

காக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல். இருபதாம் தேதி சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் எனக்காக நிற்க முடியுமா? வீட்டுக்கு வருமுன் மையவாடிக்குப் போய் அடக்க இடத்தைப் பார்க்க வேண்டும். அவர் கூட வந்து காட்ட வேண்டும்.

செய்யதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அஸ்கர் அலி